நிக்கியின் சம்பளம்

எல்லோருக்கும் மாலை வணக்கம்.

சென்னையில் உலக சினிமா பார்க்க வருகிறவர்கள் ஒரு கூட்டம். ஸ்பெஷல் ஸ்கூல் வாசலில் காத்து நிற்கிற பெற்றோர்கள் இன்னொரு கூட்டம். இரண்டு பேரும் ஒரே அரங்கில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. இன்றைக்கு உட்கார்ந்திருக்கிறீர்கள். பிள்ளைகளையும் அழைத்து வந்திருக்கிறீர்கள். ரொம்ப சந்தோஷமாக இருக்கிறது.

இன்று திரையிடப் போவது 'டாமினிக் அண்ட் யூஜீன்'. 1988 மார்ச்சில் அமெரிக்காவில் வெளியான படம், இயக்கம் ராபர்ட் எம். யங். கதையை நான் முழுதாகவே சொல்லிவிடப் போகிறேன். கதை தெரிந்துவிட்டால் சுவை கெட்டுப்போகிற படம் இல்லை இது. அதோடு, உங்களில் சிலருக்கு முன்கூட்டியே தெரிந்திருப்பது நல்லது: படத்தில் ஒரு நாய் காரில் அடிபட்டுச் சாகிறது. ஒரு சின்னப் பையனும் இறந்துபோகிறான். பக்கத்தில் இருக்கிற பிள்ளை பயந்தால் தாராளமாக வெளியே அழைத்துப் போய்விட்டு வாருங்கள், யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள்.

பிட்ஸ்பர்க் நகரத்தில் இரட்டைப் பிறவிகளான இரண்டு சகோதரர்கள். டாமினிக்கை வீட்டில் நிக்கி என்பார்கள், யூஜீனை ஜீனோ என்பார்கள். நிக்கிக்குச் சின்ன வயதில் தலையில் பலத்த அடி. அதனால் அறிவு வளர்ச்சி ஓர் இடத்தில் நின்றுவிட்டது. ஜீனோ மருத்துவம் படிக்கிறான். அப்பா அம்மா இல்லை. சரி, படிப்புக்குப் பணம் எங்கிருந்து வருகிறது? நிக்கி குப்பை லாரியில் வேலை பார்க்கிறான். அவனுடைய சம்பளத்தில்தான் ஜீனோ டாக்டராகிறான்.

இந்த ஒரு ஏற்பாட்டுக்காகவே இந்தப் படத்தை நான் பல வருடங்களாகப் பலரிடம் பார்க்கச் சொல்லி வருகிறேன். அறிவுசார் குறைபாடு உள்ளவர் வருகிற படங்களில் பொதுவாக அவர் யாருடைய பொறுப்பிலாவது இருப்பார். நல்லவர்கள் அவரைப் பார்த்துக்கொள்வார்கள், கெட்டவர்கள் கேலி செய்வார்கள், நாம் அழுவோம். இங்கே நிக்கி விடியற்காலையில் எழுந்து வேலைக்குப் போகிறான். லாரிக்குப் பின்னால் தொற்றிக்கொண்டு மேடும் பள்ளமுமான தெருக்களில் ஏறி இறங்குகிறான். அவனுக்கென்று கூட வேலை பார்க்கிற ஒரு சேக்காளி இருக்கிறான், எந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று தெரியும். ஹல்க் காமிக்ஸ் பிடிக்கும், மல்யுத்தம் பிடிக்கும். கோபம் வரும், பொறாமையும் வரும். ஜீனோவுக்கு ஒரு பெண் தோழி கிடைக்கும்போது நிக்கியின் முகத்தைப் பாருங்கள். தம்பியை இழந்துவிடுவோமோ என்கிற பயம் எந்த வசனமும் இல்லாமல் அதில் தெரியும்.

சம்பளத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் பேச வேண்டும். அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கான எங்கள் தொழிற்பயிற்சி மையத்தில் பேப்பர் கவர் செய்வது, மெழுகுவர்த்தி ஊற்றுவது, ஃபினாயில் கலப்பது எல்லாம் சொல்லித் தருகிறோம். மாதக் கடைசியில் ஒரு சின்னத் தொகையைக் கவரில் போட்டு ஒவ்வொருவர் கையிலும் கொடுப்போம். ஆரம்பத்தில் பல பெற்றோர்கள், "அவனுக்கு எதுக்கு மேடம் காசு? ஏதோ பொழுது போனா போதும்" என்பார்கள். அன்பில் சொல்வதுதான், எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தக் கவரை வாங்கிக்கொண்டு போய் அம்மாவுக்கு மல்லிகைப்பூ வாங்கிக் கொடுத்த பையனும், வீட்டுக்கு வந்த அக்காவுக்கு நான்தான் ஆட்டோவுக்குப் பணம் கொடுப்பேன் என்று அடம் பிடித்த பையனும் நம்மிடையே இருக்கிறார்கள். கொடுக்கிற இடத்தில் நிற்பது என்றால் என்ன என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. நாம்தான் அவர்களை எப்போதும் வாங்கிக்கொள்கிற இடத்திலேயே நிற்க வைத்திருக்கிறோம். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அரசு வேலையில் 4 சதவீதம் ஒதுக்குகிறது. அதில் 1 சதவீதம், ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, மனநோய் முதலியவை உள்ளவர்களுக்கானது. எந்த வேலை என்று தேடிப் பிடித்துப் பொருத்திக் கொடுக்கிற ஆள்தான் நமக்குக் குறைவு.

படத்துக்கு வருகிறேன். ஜீனோவுக்கு ஸ்டான்ஃபோர்டில் பயிற்சியைத் தொடர இடம் கிடைக்கிறது. அமெரிக்காவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போக வேண்டும். நிக்கியிடம் அவனால் இதைச் சொல்ல முடியவில்லை, தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறான். ஓஎம்ஆரில் ஐடி வேலை பார்க்கிற தம்பிக்கு வெளிநாடு போய் வேலை பார்க்கிற ஆன்சைட் வாய்ப்பு வருகிறது, வீட்டில் அண்ணன் இருக்கிறான், வாய்ப்பு வந்ததையே சொல்லாமல் தம்பி விழுங்கிவிடுகிறான். நம் ஊரில் இது எத்தனை வீட்டில் நடக்கிறது! பெண் பார்க்க வருகிற நாளில் அண்ணனைச் சித்தி வீட்டுக்கு அனுப்பிவிடுவதும் நடக்கிறது. பெற்றோர்கள் வாய்விட்டுச் சொல்கிற கேள்வி ஒன்று உண்டு, "எங்களுக்கு அப்புறம் யார்?" அந்தக் கேள்வியைச் சிறு வயதிலிருந்து பக்கத்து அறையில் படுத்துக்கொண்டு கேட்டு வளர்கிற ஒரு ஜீவன் இருக்கிறது, கூடப் பிறந்தது. அதன் பக்கத்தை இவ்வளவு நேர்மையாகச் சொன்ன படம் எனக்கு வேறு தெரியாது. ஜீனோவாக நடித்த ரே லியோட்டா பிற்பாடு ரவுடி வேடங்களுக்குப் பெயர் வாங்கியவர். இதில் அவர் கோபத்தை அடக்குகிற விதத்தைக் கவனியுங்கள். நிக்கி மேல் எரிச்சல் வருகிறது, அந்த எரிச்சலைக் கண்டு அவனுக்கே பயம் வருகிறது. அந்தப் பயத்துக்கு ஒரு காரணம் இருக்கிறது, படம் கடைசியில் சொல்லும்.

நிக்கி குப்பை எடுக்கிற தெருவில் மைக்கி என்று ஒரு சிறுவன். இருவரும் நண்பர்கள். அந்தப் பையனை அவன் அப்பா அடிக்கிறார். ஒரு நாள் மாடிப்படியிலிருந்து அவர் அவனைத் தள்ளுவதை நிக்கி பார்த்துவிடுகிறான். பையன் இறந்துபோகிறான். நடந்ததைப் பார்த்தவன் நிக்கி. ஆனால் அவனிடம் வந்து, "நீ என்ன பார்த்தாய்?" என்று யார் கேட்கப் போகிறார்கள்? அவன் தலைக்குள் பழைய நினைவு ஒன்று உடைத்துக்கொண்டு வருகிறது. துப்பாக்கியோடு போய் மைக்கியின் கைக்குழந்தைத் தம்பியைத் தூக்கிக்கொண்டு ஒரு கட்டடத்தில் ஒளிந்துகொள்கிறான். வெளியே போலீஸ். உள்ளே போகிற ஜீனோ அப்போதுதான் உண்மையைச் சொல்கிறான்: நிக்கி இதுவரை நம்பியிருந்ததுபோல் விழுந்து அடிபடவில்லை, சிறு வயதில் ஜீனோவை அடிக்க வந்த அப்பாவைத் தடுக்கப் போய் அடி வாங்கியவன்.

இந்தக் கட்டத்தில் எனக்குப் படத்தோடு மனத்தாங்கல் உண்டு. துப்பாக்கி, போலீஸ், முற்றுகை என்று அதுவரை இருந்த நிதானத்தைப் படம் விட்டுவிடுகிறது. அதைவிட முக்கியமாக, குறைபாட்டுக்குக் குற்றவாளி ஒருவரைக் கண்டுபிடித்துக் கொடுக்கிறது. இது நம் வீடுகளில் தினமும் நடக்கிற கொடுமை. கர்ப்பத்தில் என்ன சாப்பிட்டாய், கிரகணத்தன்று வெளியே வந்தாயா, உங்கள் குடும்பத்தில் யாருக்கு இருந்தது என்று அந்தத் தாயை விசாரித்துக்கொண்டே இருப்பார்கள். டவுன் சிண்ட்ரோம் ஒரு குரோமோசோம் கூடுதலாக அமைவதால் வருவது. பிரசவத்தின்போது மூச்சுத் திணறல், பிறவியிலேயே தைராய்டு குறைவு, சிசுப் பருவத்தில் மூளைக்காய்ச்சல் என்று வேறு பல காரணங்களும் உண்டு. எவ்வளவோ பேருக்குக் காரணமே தெரிவதில்லை. பெற்றோர்களே, படம் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய் உங்களுக்குள் புதிதாக ஒரு விசாரணையைத் தொடங்கிவிடாதீர்கள்.

ஆனால் சாட்சி விஷயத்தில் படம் சரியான இடத்தைத் தொடுகிறது. நம் நாட்டில் முன்பு இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 118ஆம் பிரிவாக இருந்தது இப்போது பாரதிய சாக்ஷ்ய அதினியமில் 124ஆம் பிரிவாக இருக்கிறது. கேட்கிற கேள்வியைப் புரிந்துகொண்டு அதற்குப் பொருத்தமாகப் பதில் சொல்ல முடியாதவர் என்று நீதிமன்றம் கருதினாலொழிய, யார் வேண்டுமானாலும் சாட்சி சொல்லலாம். ஐக்யூ சர்டிபிகேட்டில் ஓர் எண் இருப்பதால் மட்டும் ஒருவருடைய வாய் அடைக்கப்படுவதில்லை. 2016 சட்டத்தின் 12ஆம் பிரிவு அவர்களுடைய நீதி பெறும் உரிமையைப் பற்றியே பேசுகிறது. தங்களுக்கு நடந்ததைச் சொல்ல முயன்று, "அவனுக்கு என்ன தெரியும்" என்ற ஒரு வரியில் வாயடைக்கப்பட்டவர்களை நான் அறிவேன். தயவுசெய்து இந்த இரண்டு பிரிவுகளையும் குறித்துக்கொள்ளுங்கள்.

நிக்கியாக நடித்தவர் டாம் ஹல்ஸ். 'அமேடியஸ்' படத்தில் மோட்சார்ட்டாக வந்தவர். குறைபாடு உள்ளவர்களே நடிக்க வேண்டும் என்பது இன்றைக்கு வலுவாக எழுந்திருக்கிற கோரிக்கை, அதில் எனக்கும் உடன்பாடுதான். இருந்தாலும் ஹல்ஸ் செய்ததை மறுக்க மனம் வரவில்லை. வாயைக் கோணுவது, கையைத் திருகுவது எதுவும் கிடையாது. ஒரு விஷயம் புரிவதற்குக் கொஞ்சம் நேரம் எடுக்கிற மனிதரின் கண்ணில் அந்த நேரம் எப்படிக் கழிகிறது என்பதை மட்டும் காட்டுகிறார். கோல்டன் குளோப் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டார். கிடைக்கவில்லை. வாங்கியவர் 'ரெயின் மேன்' டஸ்டின் ஹாஃப்மன்.

அதே 1988 டிசம்பரில் 'ரெயின் மேன்' வந்தது, சிறந்த படம் உட்பட நான்கு ஆஸ்கர் வாங்கியது. அங்கேயும் இரண்டு சகோதரர்கள். அந்தப் படத்தின் ஆட்டிசம் உள்ள அண்ணன் சீட்டுக் கட்டையே மனதில் பதிந்து வைப்பார், கீழே சிந்திய பல்குச்சிகளைப் பார்த்த மாத்திரத்தில் எண்ணிவிடுவார். அதற்கப்புறம் உலகமெங்கும் பெற்றோர்களிடம், "உங்கள் பிள்ளைக்கு ஏதாவது அபூர்வ சக்தி இருக்கிறதா?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. நிக்கியிடம் அப்படி ஒன்றும் இல்லை. தெருவில் குப்பை எடுக்கிறான், தம்பியைப் படிக்க வைக்கிறான். அவனை உலகம் மறந்துபோனதற்கு அதுவும் ஒரு காரணம் என்றே நான் நினைக்கிறேன்.

கடைசியில் ஜீனோ கலிஃபோர்னியாவுக்குப் போகிறான். நிக்கி பிட்ஸ்பர்க்கிலேயே இருக்கிறான். பார்த்த சிலர் இதைத் தம்பியின் சுயநலம் என்று என்னிடம் சண்டைக்கு வந்திருக்கிறார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. நிக்கிக்கு வேலை இருக்கிறது, தெரு இருக்கிறது, தெரிந்த முகங்கள் இருக்கின்றன. அவனை அவற்றிலிருந்து பிடுங்கிக்கொண்டு போவதுதான் அன்பு என்று யார் சொன்னது? ஆனால் நம் பிள்ளைகளை இப்படி விட்டுப் போக வேண்டுமென்றால் முன்னேற்பாடு வேண்டும். 18 வயது முடிந்ததும் நீங்கள் தானாகவே சட்டப்படியான கார்டியன் இல்லை. 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்படி மாவட்ட அளவிலான குழுவிடம் விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பப் படிவங்கள் பின்னால் மேசையில் இருக்கின்றன, நிரப்ப உதவவும் ஆள் இருக்கிறார்கள்.

படம் முடிந்ததும் கலந்துரையாடல். மைக் முதலில் முன்வரிசையில் இருக்கிற நம் பிள்ளைகளிடம் போகும். ஒவ்வொருவரும் எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டாலும் காத்திருப்போம். பெற்றோர்கள் பக்கத்தில் இருந்து பதில் எடுத்துக் கொடுக்க வேண்டாம். அவர்கள் எல்லோரும் பேசி முடித்த பிறகு மற்றவர்கள் பேசலாம்.

விளக்கை அணைக்கலாம். நன்றி.