லைட்டருக்குள்ள பியூட்டேன், ஏன் புரோப்பேன் இல்ல? நீல பாட்டில், சிவப்பு பாட்டில் ரகசியம்

(திரையில்: உள்ளே தெரியும் பிளாஸ்டிக் லைட்டர், மெதுவா சாய்த்துக் காட்டுதல்)

பெட்டிக்கடை லைட்டர் இது. வெளிச்சத்துல புடிச்சுப் பாருங்க, உள்ள தண்ணி மாதிரி ஒண்ணு தளும்புதா? பியூட்டேன். இதே லைட்டர்ல புரோப்பேனை அடைச்சா? இந்த மெல்லிசு பிளாஸ்டிக் ஓடு தாங்காது. யாரும் செஞ்சு பாக்கக் கூடாதுன்னுதான் வாயால சொல்றேன்.

இங்கிலாந்துல இருக்கற நம்ம மக்களுக்கு இந்தக் கேள்வி கடை வாசல்லயே வந்து நிக்கும். ஹீட்டருக்கு ஒரு கேஸ் பாட்டில் (நாம சிலிண்டர்னு சொல்றதுதான்), பார்பிக்யூவுக்கு வேற பாட்டில். ஊர்ல ரெண்டு வாயுவும் கலந்து ஒரே சிலிண்டர்ல வந்துடறதால, நாம இதை யோசிச்சதே இல்ல.

கெமிஸ்ட்ரியை ஒரு மூச்சுல முடிச்சிடறேன். புரோப்பேன்ல மூணு கார்பன், பியூட்டேன்ல நாலு. கிலோவுக்குக் கிடைக்கற சூடு கிட்டத்தட்ட ஒண்ணுதான். அவ்வளவுதான், புத்தகத்தை மூடுங்க.

(திரையில்: இரண்டு தெர்மாமீட்டர்)

இப்பதான் எனக்குப் பிடிச்ச இடம். சாதாரண காத்தழுத்தத்துல புரோப்பேன் மைனஸ் 42 டிகிரியில கொதிக்கும். பியூட்டேன் மைனஸ் அரை டிகிரியில. பாட்டிலுக்குள்ள திரவம் கொதிச்சு ஆவியானாத்தான் அடுப்புக்கு கேஸ் வரும். நாம யாரும் அதைச் சூடாக்கறதில்ல, சுத்தியிருக்கற காத்தோட சூட்டுலயே கொதிக்குது. அந்த ஆவி உள்ள இருந்து தள்ளற தள்ளுதான் அழுத்தம்.

20 டிகிரி நாள்ல, வெளிக்காத்தை விட பியூட்டேன் பாட்டிலுக்குள்ள கூடுதலா இருக்கற அழுத்தம் 1 பார் சொச்சம் (பார்ங்கறது அழுத்தத்தை அளக்கற அலகு). உங்க கார் டயர்ல 2.2 பார். ஆமா, ஹீட்டருக்குப் பின்னாடி உக்காந்திருக்கற பாட்டில்ல இருக்கறது டயர்ல பாதி! டயர் மேல சாஞ்சு நின்னு டீ குடிப்போம், சிலிண்டரைப் பார்த்தா மட்டும் நாலடி தள்ளி நிப்போம். புரோப்பேன் பாட்டில்ல அதே நாள்ல 7 பாருக்கு மேல, அதாவது டயரை விட மூணு மடங்கு. அந்த லைட்டர் ஓடு ஏன் தாங்காதுன்னு இப்பப் புரியுதா?

சரி, குளிர்காலத்துக்கு வாங்க. ராத்திரி தோட்டத்து ஷெட்ல 0 டிகிரி. பியூட்டேன் கொதிக்கற புள்ளிக்கு ஒட்டி வந்தாச்சு, தள்ளறதுக்கு அழுத்தமே இல்ல. பாட்டில் நிறைய கேஸ் இருக்கும், அடுப்பு பத்தாது. காலின்னு நெனச்சு கடையில திருப்பிக் கொடுத்துட்டு வர்றவங்க உண்டு, அரை பாட்டில் காசு போச்சு! தூக்கி எடை போட்டுப் பாருங்க. பாட்டில் மேல பொறிச்சிருக்கற காலி எடையைக் கழிச்சா மிச்சம் கேஸ். குளிர் குறைஞ்ச இடத்துக்கு மாத்தினா தானா எந்திரிச்சுக்கும். வெந்நீர், ஹேர் டிரையர், புளோ டார்ச் எதுவும் வேண்டாம்.

புரோப்பேன் மைனஸ் 20லயும் அசராது. கேரவன், பார்பிக்யூ, வெளி வேலை எல்லாத்துக்கும் அது போறது அதனாலதான். அழுத்தம் அதிகம்ங்கறதால அதை வீட்டுக்குள்ள வைக்கறதில்ல. வெளியில, நிமிர்த்தி, காத்தோட்டமான இடத்துல.

இதுல ஊட்டிக்காரங்களுக்கு ஒரு துணுக்கு. கலவை சிலிண்டர்ல புரோப்பேன் முந்திக்கிட்டு ஆவியாகும், அடியில பியூட்டேன் தங்கும். பனிக்கால விடியற்காலையில, தீரப் போற சிலிண்டர் மக்கர் பண்றது இதனாலதான்.

(திரையில்: இலங்கை வரைபடம்)

கலவைன்னதும் இதைச் சொல்லாம போக முடியாது. 2021 கடைசியில இலங்கையில வீட்டு கேஸ் அடுப்பு வெடிப்புகள் வரிசையா நடந்துச்சு. ஜனாதிபதி நியமிச்ச குழு, சிலிண்டர்ல புரோப்பேன், பியூட்டேன் விகிதம் மாறினதைக் காரணமாச் சொல்லுச்சு. புரோப்பேன் பங்கு கூடினா அழுத்தம் கூடும். பழைய அழுத்தத்துக்கு ஈடு கொடுத்துக்கிட்டிருந்த தேஞ்ச வாஷர், தளர்ந்த கிளிப், விரிசல் விட்ட ஹோஸ், இதுங்கதான் முதல்ல கசியும். என் கருத்து: அடுப்பை மட்டும் பளபளன்னு தொடச்சு, ஹோஸைத் திரும்பிக்கூட பாக்காத பழக்கம் நம்ம எல்லார்கிட்டயும் இருக்கு.

(திரையில்: நீலம், சிவப்பு, பச்சை பாட்டில்கள்)

எப்படி அடையாளம் கண்டுபிடிக்கறது? இங்கிலாந்துல பெரும்பாலும் நீலம் பியூட்டேன், சிவப்பு புரோப்பேன். பார்பிக்யூவுக்குன்னு விக்கற பச்சை பாட்டிலும் புரோப்பேன்தான். ஆனா நிறம் கம்பெனி விருப்பம், நாட்டுக்கு நாடு மாறும். நம்பாதீங்க. லேபிள்ல நாலு இலக்க ஐ.நா. எண் தேடுங்க: 1011ன்னா பியூட்டேன், 1978ன்னா புரோப்பேன். 1965ன்னா பொதுவான கலவை எண். அப்ப பக்கத்துல எழுதியிருக்கற பேரைப் படிக்கணும். பிரெஞ்சோ ஜெர்மனோ தெரியாட்டியும் எண் தெரியுமில்ல?

மாட்டற வாயும் வேற வேற. 15 கிலோ நீல பாட்டிலுக்கு 21 மில்லிமீட்டர் கிளிப் ரெகுலேட்டர், ஊர்ல மாதிரியே மேல வச்சு அழுத்தினா டக்னு உக்காரும். உக்காந்ததும் மேல இழுத்துப் பாருங்க, கையோட வரக் கூடாது. பச்சைக்கு 27 மில்லிமீட்டர். சிவப்புக்கு நட்டு, அதுவும் இடப்பக்க மரை! கடிகாரத்துக்கு எதிர்த் திசையில திருப்பினாத்தான் இறுகும். நட்டோட முனைகள்ல சின்ன வெட்டு இருந்தா இடப்பக்க மரைன்னு அர்த்தம். கையால இறுக்கற மாதிரி அமைச்ச நட்டு இல்லேன்னா ஸ்பானர் போட்டு இறுக்கணும். டெஃப்லான் டேப் சுத்தாதீங்க. அங்க கேஸை அடைக்கறது மரை இல்ல, உள்ள போய் அழுந்தற மூக்கு. டேப் சுத்தினா மூக்கு ஒழுங்கா உக்காராம போகலாம்.

பாட்டில் அழுத்தத்தைக் குறைச்சு அடுப்புக்கு விடற ரெகுலேட்டரும் தனித்தனி: பியூட்டேனுக்கு 28 மில்லிபார் (பார்ல ஆயிரத்துல ஒரு பங்கு மில்லிபார்), புரோப்பேனுக்கு 37. அடுப்போட தகட்டுல 28-30/37ன்னு இருந்தா ரெண்டுக்கும் ஆகும், ரெகுலேட்டரை மட்டும் மாத்தணும். 30ன்னு மட்டும் இருந்தா 30 மில்லிபார் ரெகுலேட்டர்தான். வாய் ஒண்ணுக்கொண்ணு பொருந்தாம வச்சதே நாம தப்பா மாட்டக் கூடாதுன்னுதான். அதைத் தாண்டறதுக்கு ஆன்லைன்ல அடாப்டர் வாங்கறது, பூட்டை உடைச்சு நம்ம வீட்டுக்குள்ளயே திருடப் போற மாதிரி.

மாட்டினதும் வால்வைத் திறந்து, சோப்புத் தண்ணியை ஒவ்வொரு இணைப்புலயும் தடவுங்க. குமிழி வளர்ந்தா கசிவு. மூடுங்க, திரும்ப மாட்டுங்க, திரும்பத் தடவுங்க. முடிஞ்சதும் ஈரத் துணியால தொடச்சிடுங்க. தீக்குச்சி டெஸ்ட் பண்றவங்க இந்த வீடியோவை இன்னொரு தடவை பாருங்க.

ரெண்டு வாயுவுமே காத்தை விட கனம்: புரோப்பேன் ஒண்ணரை மடங்கு, பியூட்டேன் ரெண்டு மடங்கு. கசிஞ்சா மேல போகாது, தரையோட ஊர்ந்து பள்ளத்துல தேங்கும். அதனால நிலவறையில பாட்டில் கூடாது. கேரவன்ல பாட்டில் பெட்டிக்கு அடியில இருக்கற ஓட்டையைக் குளிருதுன்னு துணி வச்சு அடைக்காதீங்க, கசிஞ்ச கேஸ் வெளிய போற வழி அது. பாட்டிலைப் படுக்க வச்சும் ஓட்டாதீங்க. ஆவிக்குப் பதிலா திரவமே வெளிய வரும், ஒரு லிட்டர் புரோப்பேன் திரவம் சுமார் 270 லிட்டர் வாயுவா விரியும்.

வீட்டுக்குள்ள கேஸ் ஹீட்டர் ஓட்டறவங்களுக்கு ஒரு கணக்கு. 4.2 கிலோவாட் ஹீட்டர் மணிக்கு சுமார் 300 கிராம் பியூட்டேன் எரிக்கும், 15 கிலோ பாட்டில் ஏறக்குறைய 50 மணி நேரம் வரும். ஆனா எரியற 300 கிராம்ல இருந்து மணிக்கு கிட்டத்தட்ட அரை லிட்டர் தண்ணி ஆவியா அறைக்குள்ள வருது! கண்ணாடி வேர்க்கும், சுவத்துல பூஞ்சை புடிக்கும். ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைங்க, படுக்கையறையில ஓட்டாதீங்க, கார்பன் மோனாக்சைடுங்கற நச்சு வாயுவைக் காட்டிக் கொடுக்கற அலாரம் கட்டாயம். நீலமா எரியற அடுப்புத் தீ மஞ்சளாச்சுன்னா அணைச்சுட்டு ஆளைக் கூப்பிடுங்க.

காலி பாட்டிலோட வால்வையும் மூடி, மூடி போட்டு வைங்க; காலின்னு நாம சொல்றப்பவும் உள்ள ஆவி இருக்கும்.

உங்க ஊர் சிலிண்டர் என்ன நிறம், லேபிள்ல என்ன எண்? ரெண்டையும் கமெண்ட்ல போடுங்க. நிறம் ஒண்ணு, எண் வேறன்னு யாராவது கண்டுபிடிச்சா, அந்த கமெண்ட்டைத்தான் மேல பின் பண்ணுவேன்.