அப்பாவின் தொழிலைக் கேட்காதீர்கள்

(தாராவியில் தமிழ்க் குடும்பங்கள் கூடிய ஒரு ஞாயிறு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம். தலைவர் என்னை அறிமுகப்படுத்தும்போது "படிப்பு ஏறாத பிள்ளைகளுக்குக் கைத்தொழில் சொல்லிக்கொடுப்பவர்" என்றார். அன்பாகத்தான் சொன்னார். ஆனாலும் அந்த "படிப்பு ஏறாத" என்கிற சொல்லோடு எனக்கு நெடுநாளாகச் சண்டை.

எங்கள் வகுப்பில் ஒரு பையன். பதினாறு வயது, எட்டாவதோடு நின்றவன். கணக்கு என்றாலே தலை குனிந்துவிடும். ஒருநாள் உருகிப்போன ஆறு ஆம்பியர் பிளக் ஒன்றை அவன் முன்னால் வைத்தேன். யாரோ அதில் கீசர் போட்டிருக்கிறார்கள். "ஏன்டா உருகிச்சு?" என்றேன். தெரியவில்லை. கீசரில் எழுதியிருப்பதைப் படிக்கச் சொன்னேன். 2000 வாட். அதை 230 வோல்ட்டால் வகு என்றேன். சாக்பீஸால் எழுதினான், அழித்தான், மறுபடி எழுதினான். "சார், எட்டரை ஆம்பியருக்கு மேல போகுது சார்!" என்று கத்தினான். அப்புறம் அவனாகவே கேட்டான்: "அதான் ஏசிக்குத் தடியான நாலு எம்எம் வயர் இழுக்கிறாங்களா?" ஏழெட்டு வருஷம் வகுத்தல் போட்டவன்தான் அவன். அந்த விடையால் ஒரு பிளக் எரியும், எரியாது என்பதை யாரும் அவனுக்குக் காட்டவில்லை, அவ்வளவுதான்.

கைத்தொழில் கல்வி என்றதும் நம் பெரியவர்கள் சிலர் முகம் சுளிப்பார்கள். நியாயம்தான். 1953-இல் ராஜாஜி கொண்டுவந்த திட்டம் நினைவிருக்கும். அரைநாள் பள்ளி, மீதி நேரம் அப்பன் தொழில். குலக்கல்வி என்று சொல்லிப் பெரியார் எதிர்த்தார். 1954-இல் காமராஜர் முதல்வரானதும் அது கைவிடப்பட்டது. தோல் பதனிட நெல்லையிலிருந்து இங்கே வந்த குடும்பம் என்னுடையது. அந்தக் கோபம் எனக்குப் புரியும். அதனால்தான் எங்கள் சேர்க்கைப் படிவத்தில் அப்பாவின் தொழில் என்ற கட்டமே கிடையாது.

ஆனால் 1937-இல் இதே மகாராஷ்டிரத்து வர்தாவில் காந்தி முன்வைத்த ஆதாரக் கல்வியில் எனக்குப் பிடித்த ஒன்று உண்டு: கைவேலை வழியாகவே கணக்கும் மொழியும் வர வேண்டும் என்பது. 1983-இல் புனே பக்கத்துப் பாபலில் கல்பாக் என்ற விஞ்ஞானி விஞ்ஞான் ஆசிரமம் தொடங்கினார். பள்ளியை விட்ட பிள்ளைகள் அங்கே வெல்டிங், மின்வேலை, விவசாயம் எல்லாம் கலந்து, ஊராருக்குச் செய்துகொடுத்தே கற்றார்கள்.

நான் கற்ற விதம் வேறு. ஒரு பட்டறையில் ஒரு வருஷம் கட்டிங் சாய், அதாவது அரை கிளாஸ் டீ, வாங்கி வந்தேன். கனெக்‌ஷன் கொடுக்கும்போது உஸ்தாத், அதுதான் பட்டறை மேஸ்திரி, முதுகைத் திருப்பிக்கொள்வார். ஆக, வயரின் நிறத்தை மட்டும் மனப்பாடம் செய்தேன். பழைய கட்டடம் ஒன்றில் நிறம் மாறியிருந்தது. இந்தத் தழும்பு அன்றைக்கு வாங்கியது.

சரி, கை பழகியாயிற்று. காகிதம் வேண்டாமா? எட்டாவது தேறியிருந்தாலே ஐடிஐ என்கிற தொழிற்பயிற்சி நிலையத்தில் வயர்மேன், வெல்டர் சேரலாம், பெற்றோர் பலருக்கு இது தெரிவதில்லை. தொழிற்பழகுநர் சட்டம் 1961-லேயே வந்துவிட்டது. அதன்படி சேர்த்துக்கொள்ளும் பிள்ளைக்கு மாதாமாதம் உதவித்தொகை கொடுத்தாக வேண்டும். சாய் வாங்க அனுப்புவதற்குப் பெயர் பயிற்சி இல்லை, பட்டறை முதலாளிகள் யாராவது இருந்தால் மன்னிக்கவும்.

போன வருஷம் ஒரு அம்மா மகளை அழைத்து வந்தார். "தையல் சொல்லிக்கொடுங்க சார், பொண்ணுதானே." அந்தப் பெண்ணோ மோட்டாருக்குக் கம்பி சுற்றிக் கட்டும் வைண்டிங் பெஞ்சை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அம்மாவைச் சம்மதிக்க வைக்க இரண்டு வாரம் ஆயிற்று. அவள் கட்டிய முதல் சீலிங் ஃபேன் தலைகீழாகச் சுற்றியது. காற்றெல்லாம் கூரைக்குப் போனது. பையன்கள் சிரித்தார்கள். அவள் ஸ்டூலில் ஏறி, சுற்றும் திசையை மாற்ற ஸ்டார்ட்டிங் காயிலின் இரண்டு முனைகளையும் மாற்றிப் போட்டுவிட்டு இறங்கினாள்.

இப்போது உங்கள் தலைக்கு மேல் மூன்று ஃபேன் ஓடுகிறது. அதில் ஒன்று அவள் கட்டியது. அவள் பின் வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறாள். எது என்று நான் கேட்டுப் பார்த்துவிட்டேன், சொல்ல மாட்டேன் என்கிறாள்.