சோலையின் வேரும் பவானியின் நீரும்

அவையோர் அனைவருக்கும் வணக்கம். பவானிசாகர் பாசனத்தில் நெல்லும் மஞ்சளும் விளைவிக்கும் உங்கள் முன் நீலகிரிச் சோலைகளை, அதாவது அம்மலையின் பள்ளங்களில் அடர்ந்து நிற்கும் இயற்கைக் காடுகளைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். மழை நின்று மாதங்கள் கழிந்தும் பவானியிலும் மோயாற்றிலும் நீர் வருகிறதென்றால், அது அந்த மலையின் மண் பிடித்து வைத்திருந்து சிறிதுசிறிதாக விடும் நீர்தான்.

சோலைக்குள் நுழைந்து, சருகை விலக்கி, அடியில் கறுத்துக் கிடக்கும் மக்கை ஒரு கைப்பிடி அள்ளிப் பிழிந்து பாருங்கள். மழை விட்டுப் பல நாளாகியிருந்தாலும் விரலிடுக்கில் ஈரம் கசியும். அங்கே மழைத்துளி மண்ணை நேரே அறைவதில்லை. இலையிலும் பாசி படர்ந்த கிளையிலும் தங்கி, மெல்லச் சொட்டிச் சருகில் இறங்குகிறது. பட்ட வேர்கள் மக்கியபின் எஞ்சும் துளைகளும் மண்புழு குடைந்த வழிகளுமே அதை ஆழத்துக்குக் கொண்டுசெல்லும் வாய்க்கால்கள். மாடு மிதித்து இறுகிய வெற்று நிலத்தில் இவை அடைபட்டுப்போவதால், அதே மழை மேல்மண்ணையும் அரித்துக்கொண்டு ஓடிவிடுகிறது.

ஆனால், மரம் நீரைக் குடிக்கவும் செய்கிறது என்பதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. வேர் உறிஞ்சும் நீரில் மிகப் பெரும்பகுதி இலை வழியே ஆவியாகிறது; இலையில் தங்கிய மழையிலும் ஒரு பங்கு மண்ணைத் தொடாமலே காற்றில் கலக்கிறது. மரம் திறந்துவிட்ட வழியில் இறங்கும் நீர், அது குடிப்பதைவிட மிகுந்தால்தான் நிலத்தடிக்கு ஏதேனும் மிஞ்சும்.

இதை நீலகிரியிலேயே அளந்து பார்த்திருக்கிறார்கள். கிளன்மார்கனில் இரு சிறு நீர்ப்பிடிப்புகளில் ஒன்றைப் புல்வெளியாகவே விட்டு, மற்றதன் பரப்பில் 59 விழுக்காட்டில் கற்பூர மரம் எனப்படும் யூக்கலிப்டஸ் நட்டபோது, முதல் பத்தாண்டில் அதன் நீர்வரத்து சுமார் 16 விழுக்காடு குறைந்தது. மேட்டில் புல், பள்ளத்தில் சோலை என்பதே அம்மலையின் இயல்பான அமைப்பு. புல்வெளியைத் தரிசாகக் கருதி அதில் கற்பூர மரத்தையும் சீகை எனப்படும் வாட்டில் மரத்தையும் நிரப்பியது, நீரைப் பொறுத்தவரை அம்மலைக்கு இழைத்த பெரும் பிழை என்பதே என் உறுதியான கருத்து.

அதற்காக, நாளைக்கே கோடரியோடு மலையேற வேண்டும் என்று சொல்லவில்லை. வெட்டிய சீகை, மண்ணில் கிடக்கும் விதையிலிருந்து மறுபடியும் அடர்ந்து முளைக்கும். அந்தக் கன்றுகளை ஆண்டுதோறும் பிடுங்க ஆள் வேண்டும். சில இடங்களில் முதிர்ந்த சீகையின் நிழலிலேயே சோலைக் கன்றுகள் தாமாக எழுந்து நிற்கின்றன. அங்கே மேல்மரத்தைச் சிறிதுசிறிதாகக் கழித்து அவற்றுக்கு வெளிச்சம் விட்டால் போதும்.