உடைத்த கோப்பையில் ஒரு கூரை! பினாங்கின் கூ கொங்சி

இந்தக் கூரையில் நிற்கிற டிராகனின் செதிலைக் கொஞ்சம் பெரிதாக்கிக் காட்டுகிறேன், பாருங்கோ. கல்லும் இல்லை, பெயின்டும் இல்லை. பீங்கான் கோப்பை! வெட்டுவதற்கென்றே வர்ணம் பூசிச் செய்வித்த கோப்பைகளைக் குறட்டால் நறுக்கி, ஒவ்வொரு துண்டாகச் சாந்தில் பதித்துச் செதில், பூவிதழ், குதிரைப் பிடரி எல்லாம் எடுத்திருக்கிறார்கள்.

வணக்கம் உறவுகளே, கிளிநொச்சியில் இருந்து நான். இன்றைக்கு மலேசியா, பினாங்கு, ஜோர்ஜ் டவுன். சீனாவின் புஜியான் மாகாணத்தில் ஒரே ஊரில் இருந்து கப்பலேறி வந்த ‘கூ’ குடும்பப் பெயர்க்காரர் 1835இல் காசு சேர்த்துத் தொடங்கிய சங்கம்தான் இந்தக் கூ கொங்சி. கொங்சி என்றால் சங்கம். 1851இல் காணி வாங்கினார்கள், 1894இல் பெரிதாகக் கட்டத் தொடங்கிய மண்டபம் முடிந்த கையோடு எரிந்துபோனது, இப்போது நிற்பது 1906இல் முடித்தது. வரலாறு அவ்வளவுதான், சோதனைக்கு வராது.

எரிந்ததற்குச் சனம் சொன்ன காரணம்தான் சுவாரசியம். சீனச் சக்கரவர்த்தியின் மாளிகையோடு போட்டிக்குக் கட்டினால் கடவுளுக்குப் பொறுக்குமா என்றார்களாம், அதனால் இரண்டாவது தரம் அடக்கமாகக் கட்டினார்களாம். இது அடக்கம் என்றால் முதலாவதை யோசித்துப் பாருங்கோ!

உள்ளே போகிற வழி ஒடுங்கிய ஒழுங்கை. 1867இல் சீன இரகசியச் சங்கங்கள் தெருவில் இறங்கிச் சண்டை பிடித்த ஊர், அகல வாசல் வைக்க யாருக்குத் துணிவு வரும்?

வாசலில் கல்லில் செதுக்கின காவல்காரர் நிற்கிறார்கள். சீனர் இல்லை, தலைப்பாகை கட்டின சீக்கியர்! அந்தக் காலத்தில் பினாங்கில் காவல் வேலைக்குச் சீக்கியர்தான் பேர்போனவர்கள், அவர்களும் வந்தேறிகள்தான். 87இல் இலங்கைக்கு வந்த இந்திய ஆமியில் தலைப்பாகைக்காரரைக் கண்ட எங்கட பெரிசுகளுக்கு வேறு நினைவு வரும், அதை விடுவம்.

சரி, நான் சொல்ல வந்த இடம் இதுதான். பக்கத்து மண்டபச் சுவர் முழுக்கப் பொன் எழுத்துப் பலகைகள். என்ன எழுதியிருக்கிறது? குடும்பத்தில் யார் டொக்டர், யார் லோயர், யார் எந்தப் பட்டம் எடுத்தார் என்று! கம்பஸ் போறதுக்கான ஏ லெவல் சோதனை முடிவு வந்த கிழமை எங்கட ஊர் ஏ9 வீதியில் தொங்குகிற பனர் மாதிரியேதான், பிள்ளையின் பெயர், எந்தப் பீடம் என்று. ஆனால் எங்கடது அடுத்த மழைக்குக் கிழிந்துவிடும், அவர்களோ மூதாதையரின் பெயர்ப்பலகைகள் இருக்கிற கட்டடத்திலேயே கொண்டுபோய் மாட்டியிருக்கிறார்கள். செத்த பாட்டனுக்கும் ரிசல்ட் காட்டவேணும் என்ற எண்ணம் எனக்குச் சரியாகப் பிடித்துப்போய்விட்டது.

2008இல் ஜோர்ஜ் டவுன் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது, அதற்குள் இதுவும் அடக்கம்.

இன்னொன்று. கூக்காரர் மண்டபத்தோடு நிற்காமல் சுற்றிவர வரிசை வீடுகளையும் கட்டிச் சங்கத்துக்கே சொந்தமாக்கினார்கள். எங்கட ஊர்ச்சங்கங்கள் பல டொரொன்டோவிலும் லண்டனிலும் இன்னும் ஒன்றுகூடலுக்கு வாடகை மண்டபம்தான் தேடுகின்றன. சொந்தக் கட்டடம் வைத்திருக்கிற சங்கக்காரர் இருந்தால் சண்டைக்கு வரலாம், கொமென்ட் திறந்துதான் இருக்கிறது, வருகிற வழியில் சப்ஸ்கிரைப்பையும் ஒருக்கால் அமத்திவிட்டு வாங்கோ.