கன்சின்னிட்டி: இசைவுக்கு ஓர் அரிய சொல்

நேயர்களுக்கு வணக்கம்.

இசைவு என்றதும் ஆங்கிலத்தில் ஹார்மனி என்ற சொல்தான் சட்டென்று வாய்க்கு வரும். கிட்டத்தட்ட அதே பொருளில் கன்சின்னிட்டி என்று ஒன்றும் இருக்கிறது. ஆங்கிலமே தாய்மொழி என்பவர்களிலும் பலர் இதைக் கேட்டால் முழிப்பார்கள். 16ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலத்துக்குள் வந்துவிட்டது, புழக்கத்துக்குத்தான் வரவில்லை.

மூலம் லத்தீன். கொன்கின்னுஸ் என்றால் நேர்த்தியாகச் சேர்த்து அமைத்தது. ஆகவே இது தானாக வாய்த்த இசைவு அல்ல. யாரோ உட்கார்ந்து, பகுதிகளை ஒன்றோடொன்று பொருத்திக் கொண்டுவந்த இசைவு.

கி.மு. 46இல் ரோமானியப் பேச்சாளர் சிசரோ சொற்பொழிவுக் கலை பற்றி எழுதியபோது வாக்கியங்களுக்கு இதைப் பயன்படுத்தினார். சொற்கள் அளவொத்து, ஈறு ஒத்து, எதிரும் புதிருமாக நிற்கும் அழகு. சீசர் சொன்னதாக வழங்கும் 'வந்தேன், கண்டேன், வென்றேன்' என்பதன் லத்தீன் வடிவத்தைப் பாருங்கள்: வேனி, வீடி, வீக்கி. மூன்றும் ஈரசைச் சொற்கள், மூன்றுக்கும் ஒரே முதல் ஒலி, ஒரே கடைசி ஒலி. நடுவில் ஒரு 'பிறகு' சேர்த்தால் போதும், காரியம் கெட்டுவிடும்.

சொல்லின் கதையில் எனக்கு மிகவும் பிடித்த ஆள் அல்பெர்த்தி. 15ஆம் நூற்றாண்டு இத்தாலியக் கட்டடக் கலைஞர். பேச்சுக்கலைச் சொல்லை அப்படியே கட்டடத்துக்குக் கொண்டுபோனார். எதையும் கூட்டவோ குறைக்கவோ மாற்றவோ முயன்றால் கெட்டுப்போகும்படி எல்லாப் பகுதிகளும் ஒத்து நிற்பதே அழகு என்பது அவர் தந்த இலக்கணம். காதுக்கு இனிக்கும் அதே எண்கள்தான் கண்ணுக்கும் இனிக்கும் என்றும் எழுதினார். ஒரு தந்தியைப் பாதியாக்கினால் மேல் ஸ்தாயி கேட்கிறது, இல்லையா? அந்த ஒன்றுக்கு இரண்டு, இரண்டுக்கு மூன்று, மூன்றுக்கு நான்கு என்ற விகிதங்களையே அறைகளின் நீள அகலத்துக்கும் பரிந்துரைத்தார்.

வெறும் ஏட்டுப் பேச்சு என்று நினைத்துவிடாதீர்கள். ரிமினி நகரத்தில் அவர் வடிவமைத்த தேவாலயத்தின் வேலையைக் கவனித்துவந்தவருக்கு 1454இல் ஒரு கடிதம் எழுதினார். தூண்களின் அளவில் எதையாவது மாற்றினால் 'அந்த இசை முழுவதும் சுருதி கெட்டுவிடும்' என்று அதில் எச்சரித்தார். கல்வேலை பற்றிய கடிதத்தில் சுருதி!

அப்புறம், எல்லோரும் இதை விரும்பினார்கள் என்றும் சொல்ல முடியாது. பண்டைய ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் தன் வாக்கியங்களின் சமநிலையை வேண்டுமென்றே முறிப்பார். ஒரு பக்கம் பெயர்ச்சொல் வந்தால் மறுபக்கம் முழு வாக்கியமே வந்து நிற்கும். அந்த நடைக்கு அறிஞர்கள் வைத்த பெயர் இன்கன்சின்னிட்டி. படிக்கச் சற்றுக் கரடுமுரடுதான். ஆனால் தூக்கம் வராது.