ஜனவரியில் 711 டாலர், ஆகஸ்டில் பூஜ்யம்: மெடிகேர் பார்ட் டி கணக்கு

[திரையில்: ஒரே மருந்துக்கான இரண்டு ரசீதுகள்]

அமெரிக்காவில் 65 வயதைக் கடந்த ஒருவர், மாதம் 1,000 டாலர் விலையுள்ள பிராண்டட் மருந்து ஒன்றை ஆண்டு முழுவதும் ஒரே கடையில் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஜனவரி ரசீதில் அவருடைய பங்கு 711 டாலர் 25 சென்ட். ஆகஸ்ட் ரசீதில் பூஜ்யம். மருந்தின் விலை மாறவில்லை, அதைப் பங்கிட்டுக்கொள்பவர்கள்தான் மாறியிருக்கிறார்கள்.

[திரையில்: 2026 நாட்காட்டி]

இது மெடிகேர் பார்ட் டி: பெரும்பாலும் 65 வயதைக் கடந்தவர்களுக்காக அமெரிக்க அரசு வைத்திருக்கும் மெடிகேர் என்ற மருத்துவக் காப்பீட்டின் மருந்துப் பகுதி. 2006 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள இதை, அரசு வகுத்த விதிகளுக்கு உட்பட்டுத் தனியார் காப்பீட்டு நிறுவனங்கள் நடத்துகின்றன. 2026-க்கான அடிப்படைத் திட்டத்தில், டிடக்டிபிள் எனப்படும் முதல் 615 டாலரை நோயாளியே முழுவதும் கட்ட வேண்டும். அதைத் தாண்டினால் விலையில் 25 சதவீதம் அவருடையது. ஜனவரியில் அந்த 615 டாலரோடு, மீதி 385 டாலரில் கால் பங்கும் சேர்ந்துவிடுகிறது. பிப்ரவரி முதல் ஜூன் வரை மாதம் 250 டாலர். ஜூலையில் 138 டாலர் 75 சென்ட் கட்டியதும் அவர் கைக்காசு 2,100 டாலரைத் தொடுகிறது. அதுவே ஆண்டு உச்சவரம்பு.

இந்த வரம்பில் மாதப் பிரீமியம் சேராது; திட்டத்தின் பட்டியலில் இல்லாத மருந்துக்குச் செலவிட்டதும் சேராது. ஏமாற்றம் பெரும்பாலும் இங்கேதான் நேர்கிறது.

[திரையில்: நடுவே ஓட்டையுள்ள டோனட்]

தொடக்க ஆண்டுகளில் வரம்பே கிடையாது. 2006-இல் மருந்துச் செலவு 2,250 டாலரை எட்டியதும் காப்பீடு ஒதுங்கிக்கொள்ள, செலவு 5,100 டாலர் ஆகும்வரை பிரீமியத்தையும் கட்டிக்கொண்டு முழு விலையையும் நோயாளியே சுமந்தார். 'டோனட் ஓட்டை' என்ற பெயர் அதற்குத்தான். அதன் பின்னரும் 5 சதவீதம் முடிவின்றித் தொடர்ந்தது. 2010-ஆம் ஆண்டுச் சட்டம் ஓட்டையைப் படிப்படியாக அடைத்தது. 2022-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 2024-இல் அந்த 5 சதவீதம் நீங்கி, 2025-இல் 2,000 டாலர் வரம்பு வந்தது.

[திரையில்: கவுண்டருக்குப் பின்னால் மூன்று பணப்பெட்டிகள்]

நோயாளியின் கண்ணுக்குப் படாத மாற்றம்தான் என் பார்வையில் பெரியது. முன்பு செலவு அந்த ஓட்டையைத் தாண்டினால், நோயாளியின் 5 சதவீதம் போக, அரசு 80 சதவீதமும் காப்பீட்டு நிறுவனம் 15 சதவீதமும் ஏற்றன. இப்போது நோயாளி வரம்பைத் தொட்ட பிறகு, பிராண்டட் மருந்துக்கு நிறுவனம் 60 சதவீதம், மருந்துத் தயாரிப்பாளர் 20, அரசு 20. சுமை தன் தலைக்கு வந்துவிட்டதால், எந்த மருந்தைப் பட்டியலில் வைப்பது, எதற்கு முன் அனுமதி கேட்பது என்பதில் நிறுவனம் கூடுதல் கண்டிப்புக் காட்டக் காரணம் இருக்கிறது. எனவே அக்டோபர் 15 முதல் டிசம்பர் 7 வரையிலான சேர்க்கைக் காலத்தில், பிரீமியத்தைப் பார்ப்பதற்கு முன் பட்டியலைப் பார்ப்பது நல்லது.

[திரையில்: மீண்டும் ஜனவரி ரசீது]

ஜனவரிச் சுமையைத் தாங்க முடியாதவர், தவணைத் திட்டத்தில் சேர விரும்புவதாகத் தம் காப்பீட்டு நிறுவனத்திடம் முன்கூட்டியே தெரிவிக்கலாம். அப்போது கவுண்டரில் எதுவும் கட்டாமல் மருந்தை வாங்கிச் செல்லலாம். பில் பின்னர் நிறுவனத்திடமிருந்து வரும். நம் கணக்கில் ஜனவரி பில் 175 டாலர், பிப்ரவரியில் சுமார் 71 டாலர். வட்டி இல்லை, தள்ளுபடியும் இல்லை. ஆண்டு முடிவில் கட்டியிருப்பது அதே 2,100 டாலர்.