கடைசியா எப்ப மருந்து அடிச்சீங்க? மதுரைச் சந்தையில் கேட்க வேண்டிய கேள்வி

[காட்சி: மதுரை அண்ணா நகர் உழவர் சந்தை, விடியற்காலை. தரையில் விரித்த சாக்கின் மேல் கத்தரிக்காய்க் குவியல்.]

வணக்கம். கத்தரிக்காய் வாங்கும்போது ஓட்டை இருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்ப்போம். சிலர் ஓட்டை இருந்தால் ஒதுக்கிவிடுவார்கள். வேறு சிலர், "ஓட்டை விழுந்திருக்கு, அப்ப மருந்து அடிக்காத காய்தான்" என்று தேடி எடுப்பார்கள். இந்த இரண்டாவது நம்பிக்கை சரியில்லை.

[காட்சி: வாடித் தொங்கும் கத்தரிக் குருத்து. கிள்ளிப் பிளந்தால் உள்ளே இளஞ்சிவப்பு நிறப் புழு.]

இதுதான் தண்டு, காய்த் துளைப்பான். முட்டையிலிருந்து வந்த சில மணி நேரத்திலேயே குருத்துக்குள்ளோ காய்க்குள்ளோ புகுந்துவிடும். உள்ளே போய்விட்ட புழுவை மேலே அடிக்கிற மருந்து எட்டுவது கஷ்டம். அதனால் விவசாயி திரும்பத் திரும்ப அடிக்கிறார். ஓட்டை விழுந்த காயும் பலமுறை மருந்து பட்ட காயாக இருக்கலாம்.

மருந்து அடித்த பிறகு எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம் என்று ஒரு காத்திருப்புக் காலம் உண்டு. கத்தரியோ சில நாளுக்கு ஒருமுறை பறித்தே ஆக வேண்டிய காய், விட்டால் முற்றிவிடும். நல்ல விலை ஓடும் நேரத்தில் காத்திருக்க யாருக்கு மனசு வரும்? அந்த அவசரத்தில்தான் நம் குழம்புக்குள் மருந்தின் மிச்சம் வந்து சேர்கிறது. காயைக் கழுவினால் மேலே ஒட்டியிருப்பது ஓரளவு போகும். செடி உறிஞ்சி உள்ளே ஏற்றிக்கொண்ட ஊடுருவும் மருந்து, கழுவுவதால் போகாது.

அதனால் காயைத் திருப்பிப் பார்ப்பதை விட, விற்பவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்: "அக்கா, கடைசியா எப்ப மருந்து அடிச்சீங்க?" பல கை மாறி வந்த காயை விற்பவருக்கு இதற்குப் பதில் தெரிய வழியில்லை. தானே பயிர் வைத்துப் பறித்து வந்தவருக்குத் தெரியும். பக்கத்தில் விளைந்ததை வாங்குவதில் எனக்குப் பெரிதாகத் தெரியும் லாபம் இதுதான்: பதில் சொல்ல எதிரில் ஒரு ஆள் இருக்கிறார்.

[காட்சி: சந்தையின் விலைப் பலகை. எடைத் தராசு.]

தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை 1999 நவம்பர் 14 அன்று தொடங்கியது இதே அண்ணா நகரில்தான். அடையாள அட்டை வைத்திருக்கும் விவசாயிதான் இங்கே விற்க முடியும். இடைத்தரகர் இல்லை, கமிஷன் இல்லை. மொத்த விலையை விட 20 சதவீதம் கூட, சில்லறை விலையை விட 15 சதவீதம் குறைவு என்ற கணக்கில் விலை வைப்பது வழக்கம். விவசாயிக்கும் கட்டுப்படியாகிறது, நமக்கும் மிச்சம்.

கீரையை எடுத்துக்கொள்ளுங்கள். அறுத்த நேரத்திலிருந்தே அதில் இருக்கும் வைட்டமின் சி குறையத் தொடங்கும், வெயிலில் வாடினால் இன்னும் வேகமாக. பக்கத்து ஊர்த் தோட்டத்தில் அறுத்துக் காலையில் வருவதை மதியம் கடைந்துவிட்டால் இழப்பு குறைவு.

ஆனால் பக்கத்தில் விளைந்தது எல்லாம் இயற்கை விவசாயத்தில் விளைந்தது ஆகிவிடாது. உசிலம்பட்டிப் பக்கத்துக் கத்தரிக்கும் மருந்து அடிக்கலாம். அதேபோல, இயற்கையில் விளைந்ததில் எப்போதும் சத்து கூடுதல் என்று அடித்துச் சொல்லவும் ஆதாரம் போதாது. பூச்சிமருந்து மிச்சம் குறைவு என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. வாங்குவதற்கு எனக்கு அது ஒன்றே போதுமான காரணம். மருந்துத் தெளிப்பானை முதுகில் மாட்டிக்கொண்டு வயலுக்குள் நடக்கும் மனிதரை நினைத்தால் இன்னும் பெரிய காரணம்.

[காட்சி: அறுவடை முடிந்த வயல். மாலை வெளிச்சத்தில் கிடை மாடுகள் வந்து அடைகின்றன.]

அப்புறம் மண். ஜல்லிக்கட்டில் நாம் கொண்டாடும் புலிக்குளம் மாடு, மதுரை, சிவகங்கைப் பக்கம் மந்தை மந்தையாக மேய்க்கப்படும் மாடு. அறுவடை முடிந்த வயலில் ராத்திரி கிடை போடுவார்கள், அதாவது மந்தையை அங்கேயே அடைத்துத் தங்க வைப்பார்கள். சாணியும் மூத்திரமும் அந்த மண்ணிலேயே விழும், அதை அப்படியே உழுதுவிடுவார்கள். ஆடு மேய்க்கும் கீதாரிகள் ஆட்டுக்கிடை போடுவதும் இப்படித்தான். மண்ணில் மக்கு கூடினால் ஈரத்தைப் பிடித்து வைக்கும். வைகையில் தண்ணீர் எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டு இருக்கும் ஊருக்கு இது சின்ன விஷயம் இல்லை. மேய்ச்சல் நிலம் சுருங்கச் சுருங்கக் கிடையும் குறைகிறது. கிடை போட்ட வயலின் நெல்லையும் காயையும் நாம் தேடி வாங்கினால், விவசாயி கிடைக்காரருக்குக் கூலி கொடுக்கத் தயங்க மாட்டார்.

[காட்சி: கரிசல் காடு. குதிரைவாலிக் கதிர்.]

டி.கல்லுப்பட்டி, பேரையூர்ப் பக்கம் போனால் மானாவாரிக் கரிசலில் குதிரைவாலி என்ற சிறுதானியம் நிற்கும். மழையை மட்டும் நம்பி வளரும் பயிர் அது. நெல்லுக்கோ, ஒரு கிலோ விளைய உலக சராசரியாகச் சுமார் 2,500 லிட்டர் தண்ணீர் செலவாகிறது. வாரத்தில் இரண்டு வேளை குதிரைவாலிச் சோறு பொங்கினாலே கரிசல் விவசாயிக்கு ஒரு சந்தை கிடைக்கும். வாங்கும்போது தீட்டாததைக் கேளுங்கள். பளீரென்று வெள்ளையாக இருந்தால் தவிடு போய்விட்டது, அதோடு நார்ச்சத்தும் போய்விட்டது. தவிட்டில் எண்ணெய் இருப்பதால் தீட்டாதது சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும். கொஞ்சம் கொஞ்சமாக வாங்குவது நல்லது.

[காட்சி: ஒரு பாக்கெட்டின் பின்பக்கம். ஜைவிக் பாரத் முத்திரை.]

பாக்கெட்டில் 'ஆர்கானிக்' என்று அச்சடித்திருந்தால் மட்டும் நம்ப வேண்டாம், ஜைவிக் பாரத் போன்ற, அரசு அங்கீகரித்த இயற்கை உணவு முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். தேசிய இயற்கை உற்பத்தித் திட்டத்தின்படி, ரசாயனத்தை விட்ட வயல் முழுச் சான்று பெற, பருவப் பயிருக்கு 2 வருடம், மா, தென்னை போன்ற பல்லாண்டுப் பயிருக்கு 3 வருடம் மாற்றுக் காலம் கடக்க வேண்டும். அந்த வருடங்களில் விளைச்சல் குறையலாம், அதற்கேற்ற கூடுதல் விலையும் கிடைக்காது. விவசாயிக்கு நம் ஆதரவு ரொம்பத் தேவைப்படும் நேரம் அதுதான். சான்று வரும்வரை ஒதுக்கி வைக்காமல், தெரிந்தவரிடம் வாங்குங்கள்.

எல்லாவற்றையும் இயற்கையில் வாங்க எல்லா வீட்டுக்கும் கட்டுப்படியாகாது. அப்படியென்றால் அடிக்கடி மருந்து அடிக்கப்படும் கத்தரி, வெண்டை, பச்சை மிளகாயில் தொடங்குங்கள். சேனைக்கிழங்கு, தேங்காய், வாழைத்தண்டை வழக்கமான கடையிலேயே வாங்கிக்கொள்ளலாம். கறிவேப்பிலைக்குக் காசே வேண்டாம். மொட்டைமாடித் தொட்டியில் ஒரு கன்றை வைத்து, புளித்த மோரில் தண்ணீர் கலந்து அவ்வப்போது ஊற்றி வந்தால் நன்றாகத் தழைக்கும்.